ஜோஷிமட்: விரிசலுக்கு முன்பே பதிவாகியிருந்த அசைவு

டேராடூனில் ரேடார் செயற்கைக்கோள் பதிவுகளை ஆராயும் பணியில் இருந்தபோது, 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் வீட்டுச் சுவர்கள் வரிசையாக விரிசல் விட்ட செய்தி வந்தது. அதன்பின் அங்கே கள ஆய்வுக்குச் சென்றவர்களில் நானும் ஒருவன். கணினித் திரையில் பார்த்ததையும் தரையில் கண்டதையும் பொருத்திப் பார்த்த அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி, சுமார் 5.6 செ.மீ. அலைநீளமுள்ள ரேடார் அலையைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. இரு தேதிகளின் பதிவுகளை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் தரை எவ்வளவு அசைந்தது என்பது வண்ணப் பட்டைகளாகத் தெரியும்; ஒரு முழுப் பட்டைக்கு ஏறத்தாழ 2.8 செ.மீ. அசைவு என்று பொருள். இரவும் மேகமும் இதற்குத் தடையல்ல.

ஹைதராபாத்தில் உள்ள இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் அந்த ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் நிலம் 5.4 செ.மீ. தாழ்ந்திருந்தது. எல்லோரும் பேசியது இந்த எண்ணைத்தான். என்னை உலுக்கியது அதே அறிக்கையில் இருந்த மற்றொரு எண்: 2022 ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையிலேயே சுமார் 9 செ.மீ. தாழ்ந்திருந்தது. இலவசமாக யாரும் தரவிறக்கக்கூடிய பதிவுகள் மாதக்கணக்கில் சேமிப்பில் கிடந்திருக்கின்றன; அவற்றைத் தொடர்ந்து பார்ப்பது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

நாங்கள் நுழைந்த ஒரு வீட்டின் வாசலில், குடியிருக்கத் தகுதியற்றது என்பதற்கான சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. சமையலறைச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே, அது மேலும் விரிகிறதா என்று அறிய, யாரோ ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது நடுவில் உடைந்திருந்தது. வீட்டுக்கார அம்மா நிதானமாக இந்தியில் கேட்டார்: “வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்கிறீர்களே ஐயா, தெரிந்தபோதே ஏன் ஒருவரும் வந்து சொல்லவில்லை?”

செயற்கைக்கோளுக்கும் வரம்புகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பனி விழுந்தாலும் மரம் அடர்ந்தாலும் பதிவுகளின் ஒப்புமை கெட்டுவிடும். துருவப் பாதையில் செல்லும் செயற்கைக்கோளால் வடக்கு–தெற்கு நகர்வைச் சரியாகக் காண முடியாது. ஜோஷிமட்டோ வடக்கு நோக்கிய மலைச்சரிவில் இருக்கிறது. மேலும், ரேடார் அசைவைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது. நகரம் பழைய நிலச்சரிவு மண்ணின்மேல் நிற்கிறது, கனமான கட்டுமானம் கூடாது, சரிவிலுள்ள பாறைகளைப் பெயர்க்கக் கூடாது என்பதை 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதி வைத்துவிட்டது.

இஸ்ரோவின் அறிக்கை சில நாட்களில் இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் தர வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக என்று சொல்லப்பட்டாலும், அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நார்வே 2018-லேயே தன் நாடு முழுவதற்குமான நில அசைவு வரைபடத்தைப் பொதுமக்கள் எவரும் தங்கள் வீட்டிருப்பிடத்தைத் தேடிப் பார்க்கும் வகையில் இணையத்தில் திறந்துவிட்டது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளின் நீண்ட அலைகள் மரச்செறிவை இன்னும் நன்றாக ஊடுருவும். அதன் தரவுகளும் பொதுவில் கிடைக்கும். ஆகவே கருவி இல்லை என்று இனி சொல்வதற்கில்லை. ஒவ்வொரு மலை மாவட்டத்திலும் இந்தப் பதிவுகளைத் தவறாமல் பார்ப்பவர் யார், எந்த அளவைத் தாண்டினால் எத்தனை நாட்களுக்குள் பொறியாளர் அந்தத் தெருவுக்குச் செல்ல வேண்டும், குடியிருப்பவர்களிடம் யார் நேரில் சொல்ல வேண்டும் என்பவை அரசாணையாக எழுதப்பட வேண்டும்.