மறு: ‘டொரிஃபாக்சன்’ – வறுத்தலா, வாட்டலா?

வணக்கம். விறகு, மட்டை போன்றவற்றைக் காற்றுப் புகாமல் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தும் ‘டொரிஃபாக்சன்’ (torrefaction) முறைக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் கேட்டிருந்தது இது:

> பேசாமல் ‘வறுத்தல்’ என்றே வைத்துவிட்டால் என்ன? பிரெஞ்சுக்காரர் காப்பிக்கொட்டை வறுப்பதற்கும் இதே சொல்லைத்தானே சொல்கிறார்கள்.

நல்ல சொல்தான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சல்பைட்டுத் தாதுவைக் காற்றோட்டத்தில் சூடாக்குவதைத்தான் வேதியியல் பாடநூல்கள் வறுத்தல் என்கின்றன. அங்கே ஒட்சிசன் இல்லாவிட்டால் வேலை நடக்காது. இங்கே ஒட்சிசன் புகுந்தால் வேலை கெட்டுவிடும். காற்றுப் புகாத கலத்தில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரைதான் சூடாக்குகிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிக்கிற பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்.

விளைபொருளைப் ‘பழுப்புக்கரி’ என்று சொல்வதும் சரிவராது. நெய்வேலியில் தோண்டுவது பழுப்பு நிலக்கரி. தவிர, இது இன்னும் கரியாகவே இல்லை. திணிவில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே நிற்கும். கரியாக்க இன்னும் மேலே, 400 பாகையைத் தாண்ட வேண்டும். அதற்கு எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை, ஊமல்கரி (பனங்கொட்டையைச் சுட்டெடுக்கும் கரி) என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமும் சொல்லிப் பாருங்கள்.

இங்கே மிச்சமாகக் கிடப்பது பனை மட்டையும் காவோலையும். மாரி தொடங்கினால் மட்டை நீரை உறிஞ்சிப் பாரமாகிவிடும். காய்ந்ததை அரைக்கப் போனாலோ நார் இயந்திரத்தின் அலகில் சுற்றிக்கொள்ளும். 270, 280 பாகையில் வைத்து எடுத்த மட்டை கபில நிறமாகிக் கையாலேயே படக்கென்று ஒடியும், ஈரத்தையும் முன்போல் இழுக்காது. அரைத்து அழுத்திக் கட்டியாக்க அதுதான் தோது.

ஆகவே நான் முன்வைப்பது ‘மூடுவாட்டல்’. வாழையிலையைத் தணலில் வாட்டும்போது எரியவும் விடமாட்டோம், கருகவும் விடமாட்டோம். குணம் மாறினால் போதும். ‘மூடு’ என்பது காற்றைத் தடுப்பதைச் சொல்லிவிடும். வாட்டிய இலை துவளும், இது நொறுங்குமே என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். பெயர் செயலைச் சொன்னால் போதும், விளைவை வரையறை பார்த்துக்கொள்ளும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. விளைபொருளை ‘வாட்டுவிறகு’ என்று சுருக்கினால், மின்சாரக்காரர் அதைக் கிலோவாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்! ‘வாட்டிய விறகு’ என்றே எழுதுவோம்.

அப்புறம், உங்கள் கலைச்சொல் பட்டியலில் biomass என்பதற்கு ‘உயிரிநிறை’ என்று இருப்பதைக் கவனித்தேன். ஈழத்துப் பாடநூல்களில் நிறை என்றால் தமிழ்நாட்டில் நீங்கள் ‘எடை’ என்பது. நீங்கள் ‘நிறை’ என்பது எங்களுக்குத் திணிவு. அதனால் இங்கே ‘உயிர்த்திணிவு’ என்கிறோம். ஒன்றை வெட்டாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்த நாட்டு வழக்கு என்றும் குறித்துவிடுங்கள்.