எம்.பி.பி.எஸ். முதலாண்டு: வகுப்புப் பாடமா, கேஸ் விவாதமா?

உடலியங்கியல்_வாத்தியார்: வகுப்பெடுப்பதற்குப் பதில் ஒரு நோயாளியின் கேஸைக் கொடுத்துவிட்டு மாணவர்களையே குழுவாகப் பேசவிடச் சொல்கிறார்கள். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதை 20 மாணவர்களோடு ஆரம்பித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள். பத்துப் பேருக்கு ஒரு குழு என்றால் 25 ட்யூட்டர். எங்கே போவது?

சி.ஆர்.ஆர்.ஐ_தம்பி: ஆள் இல்லாதது முறையோட குத்தமா சார்? இப்ப ஹவுஸ் சர்ஜனா இருக்கிற எங்க பேட்ச் முழுக்க பொட்டாசியம் பத்தி வகுப்பு கேட்டு பாஸ் ஆச்சு. வார்டுல சர்க்கரை ஏறி, ரத்தத்துல அமிலம் சேர்ந்து கீட்டோஅசிடோசிஸ்ல வந்தவருக்கு இன்சுலின் போறப்ப, பொட்டாசியம் நார்மல்தானே, ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கணும்னு பாதிப் பேருக்குத் தெரியலை. இன்சுலின் அதை செல்லுக்குள்ள தள்ளிடும், ரத்தத்துல சரசரன்னு இறங்கும். இதை ஒரு கேஸா பேசியிருந்தா மறக்குமா?

உடலியங்கியல்_வாத்தியார்: எப்படித் தள்ளுகிறது? செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் வழியாக. அது தெரியாத பத்துப் பேர் கூடிப் பேசி என்ன கண்டுபிடிப்பார்கள்? மெக்மாஸ்டர் மாணவர்களே ஒரு காலத்தில் உரிமத் தேர்வில் 19 விழுக்காடு தோற்றார்கள், தெரியுமா?

சி.ஆர்.ஆர்.ஐ_தம்பி: மீதியையும் சொல்லுங்க சார். அவங்க கேஸ் விவாதத்தைக் கைவிடலை. எவ்வளவு கத்துக்கிட்டிருக்காங்கன்னு பார்க்க அடிக்கடி முன்னேற்றத் தேர்வு வச்சாங்க, தோல்வி 4.5க்கு இறங்குச்சு.

உடலியங்கியல்_வாத்தியார்: அப்போ காப்பாற்றியது தேர்வுதானே, தம்பி!

நர்சிங்_ட்யூட்டர்: இரண்டு பேருமே பாதிப் பாதியாகச் சொல்கிறீர்கள். 1993இல் அல்பனீஸ், மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வில் கேஸ் வழி படித்தவர்கள் நோயாளியைப் பார்ப்பதில் சற்று மேல். அடிப்படை அறிவியல் தேர்வில் சில இடங்களில் பின்தங்கினார்கள். எனக்கு வேறு கவலை. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தமிழ்வழி. ஆங்கிலத்தில் நடக்கும் குழுவில் கான்வென்ட் பிள்ளைகள் இரண்டு பேர் பேசுவார்கள், இவர்கள் தலையாட்டுவார்கள். வகுப்பிலாவது எல்லோருக்கும் ஒரே பாடம் காதில் விழும்.

சி.ஆர்.ஆர்.ஐ_தம்பி: குழுவுல தமிழ்லயே பேசட்டும் மேடம். பேஷண்ட் எங்ககிட்ட இங்கிலீஷ்லயா வலி சொல்றார்?

உடலியங்கியல்_வாத்தியார்: பேசட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் பல்கலைக்கழக விடைத்தாளை எதில் எழுதுவார்கள்? மதிப்பெண் முழுக்க அங்கே இருக்கிறவரை, குழுவுக்கு வருகிற பையன் மடியில் வழிகாட்டிப் புத்தகத்தை விரித்துக்கொண்டுதான் உட்காருவான்.