கடல்காற்றில் திரும்பிக்கொள்ளும் மீன்பிடி கயாக்: ஸ்கெக்கா, சுக்கானா?

வணக்கம் நண்பர்களே. பழவேற்காடு ஏரியில் கொடுவா பிடிக்க ஒரு தனி ஆள் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) வைத்திருக்கிறேன். காலையில் நேராகப் போகிறது. மதியம் கடல்காற்று எழுந்ததும் முன்பக்கம் தானாகவே காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டுத் தோள் வலிக்கிறது, தூண்டில் வீசக் கை ஓய்வதே இல்லை.

மேலே உட்காரும் வகை, பாலிஎத்திலீன், 10 அடி நீளம், 32 அங்குல அகலம், உயரமான இருக்கை. சுக்கான் கிடையாது. என் எடை 78 கிலோ. ஜனவரியில் வாங்கியது, மார்ச்சில் காற்று வலுத்த பிறகுதான் இந்தத் தொல்லை.

ஐஸ் பெட்டியைப் பின்னால் தள்ளிக் கட்டினேன். கொஞ்சம் அடங்கியது, ஆனால் பின்பக்கம் தாழ்ந்து வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. சரி என்று துளைகளை அடைத்தால், அலை அடித்து உள்ளே விழும் தண்ணீர் வெளியே போகாமல் தேங்குகிறது. அது இன்னும் ஆபத்து. இருக்கையைத் தாழ்த்தினேன், அப்புறம் நீளமான துடுப்பும் மாற்றிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

ஏரியில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், அடியில் சிப்பித் திட்டு வேறு. இந்த மாதிரி இடத்துக்கு அடியில் நிலையாகப் பொருத்தும் ஸ்கெக் (படகை நேராகப் போக வைக்கும் தகடு) நல்லதா, தரை தட்டினால் மேலே எழும் சுக்கான் நல்லதா?