கையைக் காட்டியும் நிற்காத பஸ்: பிள்ளைகளை இணையத்தில் எழுதவைத்தவர்களின் அனுபவங்கள்

வலிகாமம் தமிழ் ரீச்சர்

தரம் 10 பிள்ளைகளுக்கு வகுப்பு வலைப்பூ ஒன்று தொடங்கிக் கொடுத்திருந்தேன். அங்கே எழுதி பேஸ்புக்கில் பகிர்வது எப்படி என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். தாளில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் “இன்றைய நவீன உலகில்” என்றுதான் தொடங்குவார்கள். வாசிப்பது நான் ஒருத்தி, அதுவும் புள்ளி போட. யாரையும் இணங்கவைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வந்ததில்லை.

ஒரு பிள்ளை பஸ்ஸைப் பற்றி எழுதினாள். “காலை 6.50. ஒன்பது பேர் கையைக் காட்டினோம். சாரதி எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார்.” இப்படியொரு தொடக்கத்தை என் வகுப்பில் அதுவரை யாரும் எழுதியதில்லை. ஆனால் கடைசிப் பந்தியில், பாடசாலைப் பிள்ளைகள் என்றால் கொண்டக்டர்மார் எல்லாருக்கும் இளக்காரம் என்று முடித்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு மறுமொழி வந்தது. “தங்கச்சி, அந்த பஸ்ஸில கொண்டக்டர் நான்தான். அண்டைக்கு மிதிபலகையில ஏழு பேர் நிண்டவை. நீங்கள் ஒன்பது பேரும் ஏறி ஒரு பிள்ளை விழுந்திருந்தா, ஆரைப் பற்றி எழுதியிருப்பியள்?”

பிள்ளை தாயின் போனில் இருந்து எனக்கு எடுத்தாள். “ரீச்சர், அவர் சொல்லுறது சரிதானே. இனி நான் என்ன எழுதுறது?”

எனக்குப் பதில் வரவில்லை. “நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம், நான் பார்க்கிறன்” என்றேன். இரவு பத்து மணிபோல முழுப் பதிவையும் அழித்துவிட்டேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். அடுத்த கட்டுரையை அவள் “இன்றைய நவீன உலகில்” என்று தொடங்கியிருந்தாள்.

கொக்குவில் ரியூசன்காரன்

ரீச்சர், உங்களுடையது மேல். என்னுடையதை அழிக்கவே முடியவில்லை.

2020இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். வகுப்பு முழுக்க வட்ஸ்அப்பில். வீடுகளுக்கு வந்து குவிந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, இதையே பாடமாக்குவோம் என்று நினைத்தேன். மக்கள் நம்பி அடுத்தவருக்கு அனுப்பும்படி ஒரு செய்தி எழுதுங்கள், பிறகு அதில் எந்தச் சொல் நம்பவைத்தது என்று பிரித்துப் பார்ப்போம், இதுதான் பயிற்சி. ஒரு பெடியன் வேப்பம்பூவையும் மிளகையும் வைத்து எழுதினான். “பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் என் நண்பனின் அண்ணா சொன்னது” என்று தொடங்கி, “உங்கள் வீட்டு முதியவர்களுக்காக” என்று முடித்தான். நல்ல எழுத்து. குழுவிலேயே பாராட்டினேன்.

எட்டு ஒன்பது நாள் போயிருக்கும். பெடியனின் அம்மம்மா குசினியில் எதையோ கொதிக்கவைக்கிறா. என்னவென்று கேட்டால், கனடாவில் இருக்கிற மாமி அனுப்பினவவாம். அவன் எழுதிய அதே வரிகள். அவன் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே. “அம்மம்மா, இது நான் எழுதினது” என்று சொல்லியிருக்கிறான். “நீ ஏன் பொய் சொல்லுறாய், இது ஆஸ்பத்திரியில சொன்னது” என்று அவ நம்பவே இல்லை.

பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று வட்ஸ்அப் அந்த ஏப்ரலில்தான் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் செய்தி அதையும் தாண்டிப் போயிருக்கும். எத்தனை குசினிக்குப் போனதோ.

பழைய வலைப்பதிவர்

ரீச்சர் குறை நினைக்கக்கூடாது. நீங்கள் அழித்தது பிழை. அந்தக் கொண்டக்டர் உங்கள் வகுப்புக்குக் கிடைத்த பெரிய பாடம். 1841இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையிலேயே, அவர்களை மறுத்துச் சைவர்கள் எழுதிய கடிதங்கள் அச்சேறின. ஆறுமுக நாவலர் பிறகு சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துக் கண்டனங்களாக வெளியிட்டார். மறுப்புக்கு மறுப்பு எழுதித்தான் இந்த ஊரில் தமிழ் உரைநடையே உரம் ஏறியது. மறுமொழியை அழித்தால் மிஞ்சுவது புள்ளி போடும் கட்டுரைதான்.

என் அனுபவம் சின்னது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்த காலம், 2014, 2015. என்னிடம் எழுதப் பழகிய ஒரு பெடியன் போத்தலில் தண்ணீர் பிடித்து, மேலே மினுங்கும் படலத்தோடு படம் எடுத்துப் போட்டு உருக்கமாக எழுதினான். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஒருவர் மட்டும், “எந்தக் கிணறு, என்ன திகதி?” என்று கேட்டார். அவன் இரண்டையும் குறித்து வைக்கவில்லை. அத்தோடு அந்தப் பதிவு படுத்துவிட்டது.

அதனால் சொல்கிறேன். எழுதியதைப் போடுவதற்கு முன், அதற்கு வரக்கூடிய கடுமையான மறுமொழியை அந்தப் பிள்ளையே எழுதவேண்டும். பஸ் கட்டுரை என்றால் கொண்டக்டராக இருந்து பத்து வரி. பிறகு கட்டுரைக்குத் திரும்பினால் “எல்லாரும்”, “எப்போதும்” தானாகக் கழன்றுவிடும். இரண்டாவது, பேஸ்புக்கைப் போனில் வாசிப்பவருக்கு முதல் சில வரிதான் தெரியும், மிச்சத்துக்கு அவர் விரலால் அழுத்தவேண்டும். அந்த இடத்தில் நேரம், இடம், எண்ணிக்கை இருக்கட்டும். உங்கள் பிள்ளை அதைத் தானாகவே செய்திருக்கிறாள், நல்ல கை. மூன்றாவது, யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். “இந்நிலை மாறவேண்டும்” என்றால் யாருக்கும் வேலை இல்லை. “6.50 பஸ் எங்கள் சந்தியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் இன்னொன்று விடவேண்டும்” என்றால் ஒருவர் ஓம் அல்லது இல்லை சொல்லியே ஆகவேண்டும். படம் போட்டால் திகதியையும் போடுங்கள். பிள்ளையின் முழுப்பெயரைப் போடாதீர்கள்.

கொக்குவில் ரியூசன்காரன்

ஐயா, மறுப்பு எழுதிப் பழகலாம், சரி. அந்தப் பெடியனின் அம்மம்மா விசயத்தில் மறுப்பதற்கு ஆளே இருக்கவில்லையே. வாசித்தவர்கள் எல்லாரும் அன்பால் அனுப்பினார்கள். நான் இப்போது பொய்ச் செய்தி எழுதவிடுவதே இல்லை. வந்த செய்தியைக் கொண்டுவரச் சொல்லி, “ஆர் சொன்னது?” என்பதை மட்டும் தேடிப் பிடிக்கச் சொல்கிறேன்.

நல்லூரடிப் பிள்ளை

நான் படிப்பித்தவள் இல்லை, எழுதவைக்கப்பட்டவள். ஏ.எல் படிக்கும்போது எங்கள் மிஸ் பேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதச் சொன்னா. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் ஒழுங்கை முகப்பில் தண்ணீர்ப்பந்தல் இருக்கும், பிளாஸ்ரிக் கப்பில்தான் சர்க்கரைத் தண்ணி. காலையில் மதிலடியில் குவிந்து கிடக்கும் கப்பை எண்ணினேன். 412. “நேற்றுத் தாகம் தீர்ந்தவர்கள் 412 பேர், குப்பையும் 412” என்று தொடங்கினேன். முன்பு மூக்குப்பேணியில் அண்ணாந்து குடித்த ஊர் இது, இந்த முறை சில்வர் ரம்ளர் வைப்போம் என்று கேட்டேன். லைக் நிறைய வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பந்தல் நடத்தும் மாமா வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி. அறுபது ரம்ளர், சொந்தக் காசு. “பிள்ளை எழுதினதை வாசிச்சன். சரியாத்தான் எழுதியிருக்கிறாய். கழுவ ஆர் வருவினம்?”

“நான் வாறன் மாமா” என்றேன். இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் ரியூசன், பிறகு சோதனை. ஒன்பதாம் திருவிழாவுக்குப் பிளாஸ்ரிக் கப் திரும்பி வந்துவிட்டது. மாமா ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றைக்கும் கண்டால் “எழுதுறியோ பிள்ளை?” என்றுதான் கேட்கிறார். நான் அந்த ஒழுங்கையால் போகும்போது சைக்கிளை விரைவாக மிதிக்கிறேன்.

வலிகாமம் தமிழ் ரீச்சர்

பழைய வலைப்பதிவர் சொன்னதை வாசித்தபின் பழைய மின்னஞ்சலைத் தேடினேன். வலைப்பூவில் மறுமொழி வந்தால் எனக்கு ஒரு பிரதி வரும்படி வைத்திருந்தேன். கொண்டக்டரின் மறுமொழி அதில் அப்படியே இருக்கிறது.

அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. அதே இரவு 9.40க்கு வந்தது. அதைப் பார்க்காமலேதான் நான் பதிவை அழித்திருக்கிறேன்.

“கோவத்தில எழுதிப்போட்டன் தங்கச்சி. பஸ் நிக்காமப் போனது பிழைதான். திங்கக்கிழமை சந்திக்கு முன்னால, மதவடியில வந்து நில்லுங்கோ. அங்க இறங்கிற ஆக்கள் இருக்கினம், இடம் வரும். நான் சாரதி அண்ணைக்குச் சொல்லிவைக்கிறன்.”

அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். நம்பர் இருக்கிறது. இன்றிரவு எடுக்கப்போகிறேன்.