பார்னார்டு விண்மீன்: 233 நாள் சிகரம் போக மாட்டேன் என்கிறது, 3.15 நாள் கோள் வரவே மாட்டேன் என்கிறது. உதவி தேவை

சிறுமீன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் படிக்கிறேன். திட்டப்பணிக்கு பார்னார்டு விண்மீனை எடுத்திருக்கிறேன். ஆல்ஃபா சென்டாரியின் மூன்று விண்மீன்களை விட்டால் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது இதுதான், 5.96 ஒளியாண்டு. சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத சிவப்புக் குறுமீன். இவ்வளவு அருகில் இருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

2018 ஆய்வுக் கட்டுரையோடு வந்த ஆரத் திசைவேக (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) அட்டவணையை எடுத்துக்கொண்டேன். ஏழு கருவிகள், சுமார் 20 ஆண்டு, 771 அளவுகள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் சராசரியைக் கழித்துவிட்டு, பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல்தொகுப்பின் லோம்ப்-ஸ்கார்கிளில் (தரவில் எந்தச் சுற்றுக் காலம் பலமாக இருக்கிறது என்று சிகரங்களாகக் காட்டும் முறை) போட்டேன். சிக்கல் இரண்டு.

முதலாவது, 233 நாள் பக்கத்தில் பெரிய சிகரம். 2018 கட்டுரையும் அதையே சொல்கிறது: பூமியைப் போல் குறைந்தது 3.2 மடங்கு நிறையுள்ள கோள், 233 நாள் சுற்று. ஆனால் அப்படி ஒரு கோளே இல்லை என்று 2021-இல் வேறு குழு எழுதியிருக்கிறது.

இரண்டாவது, 2024-இல் அறிவித்த 3.15 நாள் கோளை என் வரைபடத்தில் காணவே முடியவில்லை. படுக்கை அச்சை 1 நாளில் தொடங்கினாலும் சுமார் 3.8 நாளுக்கு இடப்பக்கம் கோடே வருவதில்லை, வெற்றிடம்தான். பிழைச் செய்தி எதுவும் இல்லை.

நிரலில் தவறா, தரவில் தவறா? எந்தக் கட்டுரையை நம்புவது? வழிகாட்டி ஆசிரியர் "காரணத்தோடு வா" என்கிறார்.

கதிர்நிரல்

அந்த வெற்றிடம்தான் துப்பு. அலைவெண் வரிசையை நீங்கள் கொடுக்காவிட்டால் ஆஸ்ட்ரோபை தானாக ஒரு மேல் எல்லையை வைத்துக்கொள்ளும். அளவுகளின் எண்ணிக்கையை மொத்தக் கால நீளத்தால் வகுத்து, அதில் பாதியைச் சராசரி நைக்விஸ்ட் அலைவெண்ணாக (இத்தனை அளவுகளால் பிடிக்கக்கூடியதாகக் கருதும் மிக வேகமான அலைவெண்) எடுத்து, அதன் 5 மடங்கில் நிறுத்திவிடும்.

உங்கள் கணக்கில் 771-ஐ ஏறத்தாழ 7300 நாளால் வகுத்து இரண்டால் வகுத்தால் 0.053. ஐந்து மடங்கு 0.264. தலைகீழாக்கினால் 3.79 நாள். வெற்றிடம் தொடங்கும் இடம் அதுதான். 3.15 நாள் கோளின் அலைவெண் 0.317. அந்த இடத்தில் மென்பொருள் தேடவே இல்லை.

மேக்சிமம் ஃப்ரீக்வென்ஸி என்ற அளவுருவை 0.6 என்று நீங்களே கொடுங்கள். சாம்பிள்ஸ் பெர் பீக் (ஒரு சிகரத்துக்கு எத்தனை புள்ளி) 10 இருக்கட்டும். 20 ஆண்டுத் தரவில் சிகரங்கள் ஊசி மாதிரி ஒல்லியாக இருக்கும், இடைவெளி அகலமாக இருந்தால் உச்சியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். எடுத்த எடுப்பில் 1-ஐத் தாண்டிப் போகவேண்டாம். இரவில் மட்டும் அளப்பதால் ஒரு நாள் இடைவெளியின் போலிகள் (உண்மையில் இல்லாத சிகரங்கள்) எல்லாம் அங்கே கிளம்பும்.

சீரற்ற இடைவெளியில் எடுத்த தரவுக்குச் சராசரி நைக்விஸ்ட் என்பதற்குப் பெரிய பொருள் கிடையாது. யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சரிபார்க்கச் சொல்வேன்.

சிறுமீன்

மிக்க நன்றி அண்ணா. இப்போது 2 நாள் வரைக்கும் கோடு வருகிறது. ஆனால் 3.15-இல் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தப் பகுதி முழுக்கச் சின்னச் சின்னச் சிகரங்கள், எதுவும் மற்றதைவிட உயரமில்லை. 233 அப்படியே நிற்கிறது.

நிறமாலை

3.15 தெரியாதது எதிர்பார்த்ததுதான். 2024 கட்டுரையின்படி அந்தக் கோள் விண்மீனை ஆட்டும் வேகம் நொடிக்கு சுமார் 55 சென்டிமீட்டர். உங்கள் அட்டவணையில் உள்ள அளவுகள் பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டர் அல்லது அதற்கு மேல் பிழை கொண்டவை. அதோடு விண்மீனின் சொந்தக் கொந்தளிப்பும் சேர்ந்துகொள்கிறது. சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள எஸ்பிரெசோ நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்து விண்மீனின் வேகத்தை அளக்கும் கருவி) ஒரு அளவுக்கு 10 சென்டிமீட்டர் அளவுத் துல்லியம் தருவதால்தான் அந்தச் சமிக்ஞை வெளியே வந்தது. அந்தக் கட்டுரையின் அட்டவணையைத் தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இப்போது 233. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் ஆசிரியர் கேட்கும் "காரணம்" இங்கேதான் இருக்கிறது.

இந்த விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 145 நாள் ஆகிறது. மேற்பரப்பில் கரும்புள்ளிகள் இருந்தால் சுழற்சியோடு அவை வந்து போகும். விண்மீன் அசையாமலே அசைவதுபோல டாப்ளர் அளவு, அதாவது அந்த ஆரத் திசைவேகம், மாறும். சரி, 145-க்கும் 233-க்கும் என்ன உறவு?

பார்னார்டு விண்மீன் ஒபியூக்கஸ் கூட்டத்தில் இருக்கிறது. டிசம்பர் பிற்பாதியில் சூரியன் அதே திசையில் வந்துவிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதங்களில் அளவு எடுக்க முடியாது. ஆக, தரவில் 365 நாளுக்கு ஒருமுறை ஓட்டை விழுகிறது. இப்படி ஓட்டை உள்ள தரவில் உண்மையான ஒரு சுழற்சி, வேறொரு கால அளவிலும் போலியாகத் தலை காட்டும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறதே, அதே கதை.

கணக்கைப் போடுங்கள். 1/145 = 0.00690. 1/365.25 = 0.00274. கழித்தால் 0.00416, அதாவது 240 நாள். "233 வரவில்லையே" என்பீர்கள். திருப்பிப் போடுங்கள்: 1/233 + 1/365.25 = 0.00703, அதாவது 142 நாள். கரும்புள்ளிகள் தோன்றி மறைபவை, எல்லாம் ஒரே அகலாங்கில் இருப்பதில்லை. அதனால் 145 என்பதே கடிகாரம்போல் துல்லியமான எண் கிடையாது. 142 அதற்குள் தாராளமாக அடங்கும்.

இதை நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. கோள் என்றால் எப்போதும் இருக்கவேண்டும். தரவை ஆண்டு வாரியாகத் துண்டு போட்டு, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போய், 233-இன் உயரம் எப்படி வளர்கிறது என்று வரையுங்கள். உண்மைக் கோளாக இருந்தால் அளவுகள் கூடக் கூட ஒரே சீராக ஏறும். 2021 கட்டுரை இந்த மாதிரிச் சோதனைகளைத்தான் செய்தது. 233-இன் பலம் பெரும்பாலும் சுமார் 1000 நாளுக்குள் எடுத்த 211 அளவுகளிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். மற்ற காலங்களில் அது நிற்கவில்லை.

அவர்களிடம் இன்னொரு பிடியும் இருந்தது. டெக்சஸில் உள்ள எச்.பி.எஃப் என்ற அகச்சிவப்பு நிறமாலைமானி. கோள் இழுத்து விண்மீன் அசைந்தால் எல்லா நிறத்திலும் ஒரே அளவு அசைவு தெரியும். கரும்புள்ளி செய்யும் வேலை நிறத்துக்கு நிறம் மாறும். அந்தப் புதிய அகச்சிவப்பு அளவுகளில் 233 நாள் கோளின் சமிக்ஞை தெரியவில்லை.

பழையதட்டு

நிறமாலை சொன்னது அத்தனையும் சரி. தம்பி, இந்த விண்மீனின் பழைய வரலாற்றையும் அறிக்கையில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். நான் இதை மாணவர்களிடம் சொல்லாமல் விட்டதில்லை.

1916-இல் எட்வர்ட் எமர்சன் பார்னார்டு, இது ஆண்டுக்கு 10 வில்விநாடிக்கு (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) மேல் வானில் நகர்கிறது என்று கண்டார். இன்றுவரை வேறு எந்த விண்மீனும் இந்த வேகத்தில் இடம் மாறுவதாகத் தெரியாது. சுமார் 180 ஆண்டில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் இருந்த ஸ்ப்ரவுல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் இதைக் கண்ணாடித் தட்டுகளில் படம்பிடித்தார். 1963-இல், வியாழனைப்போல் 1.6 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று 24 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சுற்றுகிறது என்று அறிவித்தார். பாடநூல்களில்கூட இடம் பிடித்த செய்தி அது.

1973-இல் ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் வேறு வானாய்வகங்களின் தட்டுகளை அளந்தார்கள். ஆட்டம் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜான் ஹெர்ஷி, ஸ்ப்ரவுலின் தட்டுகளிலேயே வேறு விண்மீன்களையும் அளந்து பார்த்தார். அவையும் அதே காலத்தில் அதே மாதிரி ஆடியிருந்தன! 1949-இல் தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், அதில் விழுந்த குதிப்புதான் கோளாகத் தெரிந்திருக்கிறது. வான் டி காம்ப் 1995-இல் இறக்கும்வரை அதை ஏற்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே விண்மீனை வாழ்நாள் முழுக்க இரவு இரவாகப் பார்த்தவர். ஆனால் ஒரே கருவியை நம்பினால் கருவியின் நோயை விண்மீனின் தலையில் கட்டிவிடுவோம். இந்த விண்மீனை எடுக்கும் யாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சிறுமீன்

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. துண்டு போட்டுப் பார்த்தேன். 233-இன் உயரம் நடுவில் ஒரு காலத்தில் மளமளவென்று ஏறி, அப்புறம் தேங்கி நிற்கிறது. கரும்புள்ளிக் கதை பொருந்துகிறது.

இன்னொரு சந்தேகம். ஏழு கருவிகளில் ஒன்றான ஹார்ப்ஸின் அளவுகளை மட்டும் ஐரோப்பியத் தென்வான ஆய்வகத்தின் காப்பகத்திலிருந்து நேரடியாக இறக்கினேன். அவை ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டே போகின்றன. பத்தாண்டில் 40 மீட்டருக்கு மேல். 2018 அட்டவணையில் இப்படி இல்லை. ஏதாவது பெரிய கோள் தொலைவில் இருந்து இழுக்கிறதா?

கதிர்நிரல்

கோள் இல்லை, வடிவியல். பழையதட்டு ஐயா சொன்ன அந்த வேகமான நகர்வின் விளைவு. விண்மீன் நேர்கோட்டில்தான் போகிறது, நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கிக்கொண்டும் இருக்கிறது. பக்கவாட்டில் நகர நகர, அதன் வேகத்தில் நம் பார்வைக் கோட்டின் மீது விழும் பங்கு மாறிக்கொண்டே வரும். தூரம் 1.83 பார்செக் (அதே 5.96 ஒளியாண்டுதான்), நகர்வு 10.36 வில்விநாடி. தூரத்தை நகர்வின் வர்க்கத்தால் பெருக்கி 0.0229-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு நொடிக்கு 4.5 மீட்டர் ஏற்றம் வரும். பத்தாண்டுக்கு 45. உங்கள் ஏற்றத்தோடு ஒத்துப்போகிறதா?

காப்பகத்தின் நேரடி அளவுகளில் இதைக் கழிப்பதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் பெரும்பாலும் கழித்திருப்பார்கள். நீங்களே கழித்துவிடுங்கள், ஆனால் ஏற்கெனவே கழித்ததை மறுபடி கழித்துவிடாதீர்கள்.

அப்புறம், 2015 நடுவில் ஹார்ப்ஸின் ஒளியிழைகளை மாற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுழிப்புள்ளி (கருவி எதைச் சுழி வேகம் என்று எடுத்துக்கொள்கிறதோ அது) வேறு. அந்தத் தேதியில் தரவை இரண்டாக வெட்டி, இரண்டு தனிக் கருவிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் விட்டால், ஐயா சொன்ன 1949 குதிப்பு உங்கள் வரைபடத்திலும் நடக்கும்.

ஒளியாண்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு கேள்வி. 1963-இல் நம்பினோம், போனது. 2018-இல் நம்பினோம், அதுவும் போனது. 3.15 மட்டும் எப்படி நிற்கும்? அதுவும் எதனுடையதோ போலியாக இருக்கலாமே? செய்தியில் முன்பு மைனஸ் 170 டிகிரி குளிர்க் கோள் என்றார்கள், இப்போது 125 டிகிரி வெப்பக் கோள் என்கிறார்கள்.

நிறமாலை

கேட்கவேண்டிய கேள்விதான். சுழற்சி 145 நாள் என்பதால் அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு எல்லாம் பல பத்து நாள்களில்தான் இருக்கும். 3 நாள் பக்கம் கரும்புள்ளி எட்டிப் பார்க்க இடம் குறைவு. ஒரு நாள் இடைவெளியின் போலியைச் சோதிக்கவேண்டும் என்றால் 1-இலிருந்து 0.317-ஐக் கழியுங்கள், 0.683 வரும், அதாவது 1.46 நாள். உண்மைச் சுற்று இவ்விரண்டில் எது என்பதை இரண்டு மாதிரியாகவும் பொருத்திப் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் என்னை நம்பவைத்தது வேறு. எஸ்பிரெசோ குழு 2024-இல் 3.15 நாள் கோளை உறுதி என்றும், 4.12, 2.34, 6.74 நாள்களை "இருக்கலாம்" என்றும் எழுதியது. ஹவாயில் ஜெமினி நார்த் தொலைநோக்கியில் உள்ள மரூன்-எக்ஸ் என்ற வேறு கருவியில், வேறு குழு, 112 இரவுகளில் எடுத்த அளவுகளை 2025 மார்ச்சில் வெளியிட்டது. முதல் மூன்று கோள்கள் அதில் தனியாகவே தெரிந்தன. இரண்டு தரவையும் சேர்த்தபோது 6.74 நாளும் உறுதியானது. வான் டி காம்புக்கு இல்லாமல் போனது இதுதான்: வேறு மலை, வேறு கருவி, வேறு ஆட்கள், அதே விடை.

நிறை மட்டும் கொஞ்சம் மாறியது. 3.15 நாள் கோளுக்கு முதலில் பூமியின் நிறையில் குறைந்தது 0.37 பங்கு என்றார்கள், இப்போது ஏறத்தாழ 0.30. சுற்றுக் காலம் அசையவில்லை. நான்கு கோள்களின் நிறையும் பூமியில் 19 முதல் 34 சதவீதத்துக்குள் வருகிறது.

சிறுமீன்

எஸ்பிரெசோ அட்டவணையை எடுத்துப் போட்டேன். முதலில் நீண்ட கால ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அதை ஒரு காஸியன் செயல்முறையால் (விண்மீனின் சீரற்ற ஏற்ற இறக்கத்தை வளைந்து கொடுக்கும் கோடாகப் பொருத்தும் கணித முறை) கழித்த பிறகு 3.15-இல் சிகரம் தெளிவாக நிற்கிறது! 233-க்கான துண்டுச் சோதனையையும், 142 நாள் கணக்கையும், ஸ்ப்ரவுல் வரலாற்றையும் அறிக்கையில் சேர்க்கிறேன். அடுத்து 6.74 நாள் கோளை ஹார்ப்ஸ் தரவில் தேடலாமா?

நிறமாலை

வேண்டாம், ஹார்ப்ஸில் அது கிடைக்காது. நான்கில் மிகச் சிறியது அது, விண்மீனை ஆட்டுவது நொடிக்கு 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். எஸ்பிரெசோவையும் மரூன்-எக்ஸையும் சேர்த்துப் போடுங்கள். காஸியன் செயல்முறையை முதலில் கழித்துவிட்டுக் கோளைத் தேடாமல், இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்துப் பொருத்துங்கள். தனியாகக் கழித்தால் சின்னக் கோளின் சமிக்ஞையையும் அது சேர்த்து விழுங்கிவிடும். மரூன்-எக்ஸில் சிவப்பு, நீலம் என்று இரண்டு அளவுகள் தனித்தனியாக வரும், இரண்டுக்கும் தனிச் சுழிப்புள்ளி கொடுங்கள்.