வடக்குத் தாழ்வாரத்தில் கோடைக் காய்கள்

ஊரிலிருந்து புதிதாகச் சிங்கப்பூர் வந்தவர்கள் வீட்டில் நாலு செடி வைக்க ஆசைப்பட்டால், முதலில் கேட்பது "இங்கே எந்த மாசம் விதைக்கணும்?" என்றுதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தானாக வரும். விதைப் பொட்டலத்திலும் கோடைக்கு ஏற்றது என்று போட்டிருப்பார்கள். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். பகலில் 31, 32 டிகிரி, இரவில் 25 டிகிரி. வெண்டை, கத்தரி, பாகல், புடலை, பீர்க்கை, மிளகாய் கேட்கும் சூடு பன்னிரண்டு மாதமும் உண்டு. அதனால் எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். தரையில் வெட்டவெளியில் வளர்த்தால் அது ஓரளவு சரி. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வளர்ப்பவர்களுக்கு அது பொருந்தாது. எனக்குத் தெரிந்தவரை, இங்கே பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, முடிவு செய்வது மாதமில்லை, உங்கள் தாழ்வாரம் பார்க்கும் திசை.

எங்கள் வீட்டுத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. மார்ச் பிற்பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு வடக்கே சாயத் தொடங்கும். செப்டம்பர் பிற்பகுதியில் திரும்பவும் தலைக்கு மேல் வந்து தெற்கே போய்விடும். இந்த இடைப்பட்ட ஆறு மாதம்தான் எங்களுக்கு வெயில். காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சாய்வாக உள்ளே விழும். அக்டோபரில் அதே இடம் வெளிச்சமாக இருக்கும், ஆனால் செடிமேல் நேர் வெயில் படாது. கத்தரி இலை அகலமாகும், தண்டு நீளும், பூ வந்து உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டால் இலைதான் இன்னும் பெருக்கும். எதிர் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கிட்டத்தில் இருந்தால் அதன் நிழலும் சேரும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தொட்டி வாங்குவதற்கு முன்னால் காலை 9 மணி, மதியம் 12 மணி, மாலை 4 மணிக்குத் தாழ்வாரத்தில் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்க்கும் செடிக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். மூன்று மணி நேரம்தான் என்றால் பசளை, பொன்னாங்கண்ணி, புதினா, பாண்டான் போதும். அதுவும் நல்ல அறுவடைதான்.

வெயில் கணக்கைப் பார்த்து நான் தைப்பூசம் முடிந்த கையோடு விதைக்கிறேன். ஈரத்துணியில் முளைகட்டி, சிறு கோப்பையில் நாற்று விட்டு, ஜன்னல் ஓரத்தில் வளர்த்தால், சித்திரை பிறக்கும்போது செடி பூக்கத் தயாராக இருக்கும், வெயிலும் வந்திருக்கும். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து நேரே பெரிய தொட்டியிலேயே போடுவது நல்லது, அதன் ஆணிவேருக்கு இடம் மாற்றுவது பிடிக்காது.

எதிர் வரிசையில் இருக்கும் தஞ்சாவூர் அக்காவின் தாழ்வாரம் தெற்குப் பார்த்தது. என் பட்டம் முடியும்போது அவர்களுடையது தொடங்கும். "உனக்குக் காய்க்கிறப்ப எனக்குக் காய்க்கலையேன்னு மண்ணை மாத்திக்கிட்டே இருந்தேன்மா" என்று அக்கா ஒருநாள் சொன்னார்கள். அவர்கள் தொட்டியில் மண் நன்றாகவே இருந்தது. இப்போது ஆவணியில் நாற்று விடுகிறார்கள், ஐப்பசியிலிருந்து மிளகாயும் கத்தரியும் கிடைக்கின்றன. நடுவில் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பருவமழை மேகம் மூடுவதால் கொஞ்சம் தேங்கும். பிப்ரவரிதான் இங்கே வறண்ட மாதம். அக்காவுக்கு அப்போதுதான் உச்சக் காய்ப்பு.

வெண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தாழ்வாரத்துக்கு இதைவிட நம்பகமான காய் எனக்குத் தெரியவில்லை. பூ காலையில் விரியும், வெளிர் மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு. மதியத்துக்குப் பின் சுருங்கிவிடும். தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் பத்தாவது மாடியிலும் தேனீயை எதிர்பார்க்க வேண்டாம். பூத்த நாலைந்து நாளில் காய் பறிக்கும் பருவம் வந்துவிடும். சந்தையில் செய்வதுபோல் நுனியை ஒடித்துப் பார்க்கலாம், ஆனால் செடியில் இருக்கும் காயை ஒடித்துவிட்டுப் பறிக்காமல் விட முடியாது. அதனால் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: விரைப்பாக ஆனால் நெகிழ்வாக இருந்தால் சரி, கட்டையாக இருந்தால் நாள் தவறிவிட்டது. இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் நார் ஏறிவிடும். அப்படி முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பூக்கள் மெதுவாகும். சமையலுக்கு ஆகாவிட்டாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். பருவக் கடைசியில் மட்டும் இரண்டு காயை விதைக்கு விட்டுவைக்கிறேன். காயை இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுவது நல்லது. அந்த மெல்லிய சுணை கையில் பட்டால் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கொடிக் காய்களில் பலரும் மனம் தளர்வது ஒரே இடத்தில்தான்: பூ நிறைய வருகிறது, காய் வரவில்லை. முதலில் வருவது எல்லாம் ஆண் பூ, கவலை வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். பாகலில் அது முள்முள்ளாக, புடலையில் மெல்லிய பச்சைக் குச்சியாக இருக்கும். பாகல் பூ காலையில் விரியும். பீர்க்கை சாயங்காலம் 5 மணிக்கு மேல். புடலை இருட்டிய பிறகுதான், வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் நூல் பிரிந்ததுபோல் விரியும். அதற்கு மகரந்தம் சேர்ப்பவை அந்துப்பூச்சிகள். எங்கள் மாடிக்கு அவை அதிகம் ஏறி வருவதில்லை. இங்கே சூரியன் மறைவது 7 மணியை ஒட்டி, எனவே சாப்பாடு முடிந்து 8 மணிக்கு மேல் டார்ச்சோடு போவேன். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் முனையில் மெல்லத் தொட்டு எடுத்தால் போதும். பிடித்துவிட்டால் மூன்றாம் நாளே குச்சி தடித்து நீளும். பிடிக்காவிட்டால் மஞ்சளாகி உதிரும். புடலையின் நுனியில் சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும், இது ஊரில் பாட்டி காலத்து வழக்கம். ஆனால் தாழ்வாரத்தில் கல்லைக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் மட்டும்தான் கட்ட வேண்டும். தொட்டிகளும் அப்படியே: சுவரின் மேல் எதையும் வைக்கக் கூடாது, நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.

பூங்காவில் கதை வேறு. தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க் என்ற பூங்காவில் தொடங்கிய வாடகைப் பாத்தித் திட்டத்தில், குலுக்கலில் பொங்கோல் பூங்காவில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்தது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று ஆண்டு குத்தகை. முழு வெயில் இருக்கும், முழு மழையும் இருக்கும். ஒரு பெரிய மழை மேல்மண்ணின் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும், எனவே மக்கிய உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மழை விட்டதும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வெளியே வரும். அவற்றில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள், கீரையை நன்றாக அலசுங்கள்.

அங்கே பக்கத்துப் பாத்தி சீன அங்கிள்தான் எனக்குப் பாகல் காயை உறை போட்டு வளர்க்கக் காட்டிக்கொடுத்தார். பழ ஈ பிஞ்சிலேயே துளைத்து முட்டை வைத்துவிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வெட்டினால் உள்ளே புழு. பூ வாடி உதிர்ந்து பிஞ்சு சுண்டுவிரல் அளவு இருக்கும்போதே பழுப்புக் காகிதப் பையை மாட்டி, வாயை மடித்துக் கம்பியால் சுற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். பூத்து இரண்டு வாரத்துக்குள், பளபளப்புக் குறையும் முன் பறிக்க வேண்டும். ஒருநாள் தாமதித்தால் ஆரஞ்சாகி வெடித்து உள்ளே சிவப்பு விதை தெரியும். அங்கிள் பாகலை முட்டையோடு வதக்குவார், நான் புளிக்குழம்பு வைப்பேன். அடுத்த பாத்தியின் மலாய் மக்சிக் (அத்தை மாதிரி) என் கத்தரியையும் பயற்றங்காயையும் வாங்கிக்கொண்டு போய் சாயோர் லோடே என்ற தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பு செய்து ஒரு டப்பாவில் கொண்டு வருவார். காய்க்கு இதைவிட நல்ல விலை எனக்குத் தெரியாது.

தக்காளி பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். பெரிய தக்காளி ஆசை இங்கே பெரும்பாலும் கைகூடாது. இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போகப் போகப் பிஞ்சு பிடிப்பது குறையும். நம் இரவு 25. பூ கொத்துக் கொத்தாக வந்து காம்போடு உதிர்வது நோயில்லை, சூடுதான் காரணம். செர்ரித் தக்காளி ஓரளவு தாங்கும். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் நன்றாக விழும். லேசாகச் சிவப்பு ஏறும்போதே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள், செடியிலேயே விட்டால் ஒரு மழைக்கு வெடிக்கும், இல்லாவிட்டால் பறவை கொத்தும். மிளகாய்க்கும் பறவைதான் போட்டி. அவற்றுக்குக் காரம் உறைக்காது.

பழத்தில் என் தேர்வு கலமான்சியும் பப்பாளியும். கலமான்சி தொட்டியிலேயே காய்க்கும். எலுமிச்சை இனம் என்பதால் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும், பச்சைப் புழு இலையைத் தின்னும். கறிவேப்பிலையிலும் அதே புழுதான். மருந்து அடிக்க எனக்கு மனம் வராது, புழுக்களை ஒரே கிளைக்கு மாற்றி அதை விட்டுக்கொடுக்கிறேன். மாவுப்பூச்சிக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்பு கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளிக்கிறேன். எறும்பு ஏறுவதையும் தடுக்க வேண்டும், அவைதான் மாவுப்பூச்சியைக் காவல் காக்கின்றன.

பப்பாளி எங்கள் புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் நிற்கிறது. ஒரே குழியில் மூன்று நாற்று வைத்து, பூ வந்த பிறகு எது ஆண், எது பெண், எது இருபாலினம் என்று பார்த்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். இருபாலினப் பூவில் வரும் பழம் நீளமாக இருக்கும், பெண் மரத்தின் பழம் உருண்டை. விதைத்து ஒன்பது பத்து மாதத்தில் முதல் பழம். தோலில் மஞ்சள் கோடு ஒன்று விழுந்ததும் பறித்துவிட வேண்டும். முழுக்கப் பழுக்கட்டும் என்று விட்டால் இரவில் வௌவாலும் பகலில் பறவையும் முந்திக்கொள்ளும். கோடு விழுந்த பழம் வீட்டில் மூன்று நான்கு நாளில் நன்றாகப் பழுக்கும்.

கீரைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். தேக்கா சந்தையில் வாங்கும் வெந்தயத்தைத் தட்டில் தூவினாலே மூன்று வாரத்தில் கீரை கிடைக்கும். எது வளர்த்தாலும் தொட்டித் தட்டில் தண்ணீர் மட்டும் நிற்கக் கூடாது. டெங்கிக் கொசு அதில் முட்டையிட்டு ஒரு வாரத்தில் பறக்கும். நான் தட்டையே எடுத்துவிட்டு, அளவாக ஊற்றுகிறேன்.

இதெல்லாம் வடக்கும் தெற்கும் பார்த்த தாழ்வாரங்களில் நாங்கள் பார்த்தது. மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மாலை வெயிலில் சுவரும் தொட்டியும் சுட்டு வேர் வெந்துவிடுகிறது என்று என் தங்கை சொல்கிறாள். வெள்ளைத் தொட்டிக்கு மாற்றினாள், தேங்காய் நார் மூடாக்குப் போட்டாள், கத்தரி தேறியது, வெள்ளரி இன்னும் தேறவில்லை. மேற்கு வெயிலில் வெள்ளரி காய்க்க வைத்தவர்கள் இருந்தால் என்ன ரகம், எவ்வளவு பெரிய தொட்டி என்று சொல்லுங்கள், அவளுக்கு அடுத்த விதை போடும் முன் தெரிந்தால் நல்லது.