அம்மாவிடம் நீட்டிய 34 கேள்விகள்: இதனால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்?

கொள்ளிடக்கரை:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். போன தடவை காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் வந்து படிவம் ஒன்றை நீட்டினார். கடந்த ஒரு மாதத்தில் இன்னின்ன விஷயத்தில் உங்களுக்கு எவ்வளவு உதவி வேண்டியிருந்தது, 1 முதல் 5 வரை வட்டம் போடுங்கள் என்று மொத்தம் 34 கேள்விகள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு, அதனால் நான்தான் வாசித்துக் காட்டினேன். சாவைப் பற்றி மனதில் எழும் எண்ணங்கள் என்று ஒரு வரி வந்தது, அதை நான் வாசிக்கவே இல்லை. வாசித்திருக்கவும் மாட்டேன். கூட வருகிற எனக்குப் போகிற கூலி, பஸ் செலவு, ஊசி போட்ட ராத்திரி எங்கே தங்குவது, இதில் ஒன்றுகூட அந்த 34இல் கிடையாது, ஆனால் ஆஸ்பத்திரியின் சூழல் இதமாக இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நோயாளிகளின் தீராத தேவைகளை இப்படி எண்களாக அளப்பது வீண் வேலை என்பது என் கருத்து. அந்தச் செலவில் ஒரு சமூகப் பணியாளரை வேலைக்கு வைக்கலாம்.

வார்டு அக்கா:
தம்பி, அம்மா நல்லபடியாகத் தேறி வரட்டும். நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், அதனால் இதை அப்படியே விட முடியவில்லை. ஓபியில் ஒரு நோயாளிக்கு டாக்டர் தரமுடிவது சில நிமிடங்கள்தான். எப்படி இருக்கீங்க என்பார், நல்லா இருக்கேன் டாக்டர் என்பார்கள், முடிந்தது. வெளியே வந்து என்னிடம் சொல்வார்கள், வாயெல்லாம் புண், தண்ணீர் கூட இறங்கவில்லை என்று. உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாதே என்பார்கள், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயமும் இருக்கும். எதுவும் கேட்காமல் விட்டால், சத்தம் போடத் தெரிந்தவருக்கும் ஆள் தெரிந்தவருக்கும் மட்டும்தான் உதவி போகும். எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஒரு வாய்ப்பு வரும்.

ஆய்வு மேசை:
நீங்கள் சொல்வது ஆஸ்திரேலியாவில் உருவான கேள்வித்தாள் என்று நினைக்கிறேன். 2000இல் வெளியானபோது 59 கேள்விகள் இருந்தன, 2009இல் 34ஆகச் சுருக்கினார்கள். மனம், உடலும் அன்றாட வாழ்வும், தகவலும் மருத்துவ அமைப்பும், கவனிப்பு, தாம்பத்தியம் என்று ஐந்து பிரிவுகள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 1 முதல் 5 வரையிலான எண்கள்தான். 1 என்றால் எனக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, 2 என்றால் இருந்தது, ஆனால் உதவி கிடைத்துவிட்டது. 3, 4, 5 என்பவை இன்னும் உதவி வேண்டும் என்பதன் அளவு. வலி எவ்வளவு என்று மட்டும் கேட்கும் படிவம் வலிக்கு மருந்து கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் இப்படிப் பிரித்துக் காட்டாது. பணத்தைப் பற்றிக் கேள்வி இல்லை என்பது உண்மை, பெரிய குறையும்கூட. எல்லாக் குடிமக்களுக்கும் அரசுக் காப்பீடு இருக்கிற நாட்டில் எழுதியது அது. நம் ஊரில் அதை அப்படியே கொடுப்பது சரியில்லை, இடமும் பணமும் பற்றிய கேள்விகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சான்று எங்கே:
சேர்த்துக் கொடுத்தாலும் பயன் என்ன என்பதுதானே விவாதம்? ஆய்வு மேசை இதை மட்டும் சொல்லாமல் விடுகிறார். மெல்போர்னில் 450 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் பதில்களை மருத்துவக் குழுவிடம் கொடுத்து அதன்படி உதவிகளையும் ஏற்பாடு செய்தார்கள். 2001இல் முடிவு வந்தது. தேவைகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கனவே மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. இங்கிலாந்தில் 220 பேரிடம் மன உளைச்சலை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லி, பிரச்சினைப் பட்டியலையும் வைத்துப் பேசிப் பார்த்தார்கள். 2013இல் வந்த அந்த முடிவும் கைகொடுக்கவில்லை. இரண்டுமே நம்மைவிட வசதியான நாடுகள்.

ஆய்வு மேசை:
நியூயார்க் ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். 766 நோயாளிகள், முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள். வாந்தி, மூச்சுத்திணறல், வலி, களைப்பு இவற்றை அவர்களே கணினியில் பதிந்தார்கள், நிலைமை மோசமானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போனது. 2017இல் வெளியான கணக்கின்படி, பதிந்தவர்கள் உயிரோடிருந்த இடைநிலைக் காலம் (அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஐந்து மாதத்துக்கும் மேல் கூடுதலாகத் தரும் புதிய மருந்து ஒன்று வந்தால் என்ன விலை சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சான்று எங்கே:
அது வேறு விஷயம், குழப்பாதீர்கள். வாந்திக்கு மாத்திரை இருக்கிறது, செவிலியர் போன் போட்டால் அன்றே தீரும். எதிர்காலம் என்ன ஆகுமோ என்ற கவலைக்கு ஒருவர் 5 போட்டால் உங்கள் ஆஸ்பத்திரியில் யார் எழுந்து வருவார்? மனநல ஆலோசகர் இல்லாத இடத்தில் மனதைக் கிளறும் கேள்வியைக் கேட்பதே தப்பு என்கிறேன். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல வைத்துவிட்டுப் போய்விடுவது கொடுமை.

பல்லாவரத்தாள்:
நான் நோயாளி, சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். எனக்காக நீங்கள் இருவரும் பேசுவதால் நானும் சொல்கிறேன். சிகிச்சை முடிந்த பிறகுதான் என் பயம் கூடியது. முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று தூக்கம் போய்விடும். வீட்டில் சொன்னால், அதான் முடிஞ்சுதே, நல்லதையே நினை என்பார்கள். நோய் பரவிவிடுமோ என்ற பயம் என்று ஒரு கேள்வித்தாளில் அச்சில் பார்த்தபோதுதான், இது எனக்கு மட்டும் வந்த பைத்தியம் இல்லை, எல்லாரிடமும் கேட்கும் அளவுக்குப் பொதுவானது என்று புரிந்தது. யாரும் எழுந்து வரவில்லை, இருந்தாலும் அந்த வரி எனக்கு வேண்டியிருந்தது. அதனால் மனதைப் பற்றிக் கேட்காதே என்று எங்கள் சார்பில் முடிவெடுக்காதீர்கள், சார்.

இன்னொன்று, கொள்ளிடக்கரை தம்பிக்கு. தாம்பத்தியம் பற்றி அதில் மூன்று கேள்வி இருக்கும். மார்பை எடுத்த பிறகு எனக்கும் என் கணவருக்கும் நடுவே வந்த தூரத்தைப் பற்றி நான் எங்கும் பேசியதில்லை. அதை என் மகன் வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் 1 தான் போடுவேன். உங்கள் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். தனியாக, ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

வார்டு அக்கா:
இது நூற்றுக்கு நூறு உண்மை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பல வீடுகளில் நோயாளியிடம் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். படிவத்தைக் கொடுத்தால் மகனோ மருமகளோ கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள், அம்மாவுக்குத் தெரியாது மேடம் என்று கண்ணாலேயே கெஞ்சுவார்கள். அப்புறம் அவர்களே நிரப்பித் தருவார்கள். அப்படி வந்த தாள்களைக் கூட்டிப் பார்த்து, நோயாளிகளுக்கு இன்னது வேண்டும் என்று அறிக்கை எழுதினால் அது குடும்பத்தின் கவலைப் பட்டியலாகத்தான் இருக்கும். நோயாளிக்கு என்ன தெரியும் என்பதை முதலில் விசாரித்துவிட்டுத்தான் தாளை எடுக்க வேண்டும். அதற்காகக் கேட்பதையே நிறுத்தச் சொல்லமாட்டேன்.

கொள்ளிடக்கரை:
அக்கா, பல்லாவரத்து அம்மா சொன்னதைப் படித்தேன். அடுத்த முறை யாராவது பெண் பணியாளர் தனியாக உட்கார்ந்து கேட்டால் நான் தள்ளிப் போய் நிற்கிறேன். ஆனால் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. 5 போட்ட ஆளை எத்தனை நாளுக்குள் யார் கூப்பிடுவார் என்று அந்தத் தாளிலேயே எழுதி, ஒரு போன் நம்பரும் போட்டிருக்க வேண்டும். அது இல்லாத தாளில் அம்மா இனிமேல் கைநாட்டு வைக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் ரயில் டிக்கெட்டுக்கே கடன் வாங்கும் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன்.

வார்டு அக்கா:
தம்பி, சலுகை டிக்கெட் எடுப்பதில்லையா? சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணம் முழுவதும் சலுகை, கூட ஒருவர் போனால் அவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் கேளுங்கள், டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், அதை ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
காப்பீட்டு அட்டை இருக்கிறது. ரயில் சலுகை பற்றி இதுவரை ஒருவரும் சொல்லவில்லை அக்கா.

சான்று எங்கே:
பார்த்தீர்களா, இது எந்தப் படிவமும் இல்லாமல் வந்தது. விஷயம் தெரிந்த ஒரு அக்கா இருந்தால் போதும்.

வார்டு அக்கா:
தம்பி இங்கே எழுதியதால் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஓபி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் எழுதாதவர்கள்தான் அதிகம், அவர்களில் யாரிடம் போய் இதைச் சொல்வது என்று நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள், நாளைக்கே படிவத்தைத் தூக்கிப் போடுகிறேன். கொள்ளிடக்கரை தம்பி, அடுத்த கீமோ தேதிக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள், அன்றைக்குக் கூட்டத்தில் நேரம் கிடைக்காது.